ஏழாம் படிக்கு இறங்க ஒரு விண்ணப்பம்

தங்கை க்ளெண்டா தொலைபேசியில் வாயைத் திறந்ததுமே தெல்மா ஹார்கருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"தெல்மா! எங்க ஊரு கடல் பாலம் இடிஞ்சு விழுந்துடுச்சு!"

"முழுசாவா?"

"பாதி. மிச்சப் பாதியும் இந்த வாரத்துக்குள்ள விழுந்துடும்னு இன்ஜினியர் சொல்றாரு. கொஞ்சம் காத்து அடிச்சாப் போதுமாம்."

"யாருக்காவது அடி கிடி பட்டுச்சா?"

"ஒரு கடல் காக்கா மேல பலகை விழுந்துச்சு. அதுவும் எந்திரிச்சுப் பறந்துடுச்சு."

"உனக்கென்னடி, கொடுத்து வச்சவ," என்றாள் தெல்மா. மனதார வாழ்த்தியது போலத்தான் சொல்லப் பார்த்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அம்மை வந்தபோதுகூட க்ளெண்டாவுக்குத்தான் முதலில் வந்தது. ஆரஞ்சுப் பழம் என்ன, படப் புத்தகம் என்ன, அப்பா வேலைக்கு விடுப்பு எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என்ன! இரண்டு வாரம் கழித்து தெல்மாவுக்கு வந்தபோது வீட்டில் எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். "உனக்குமா?" என்றாள் அம்மா, அவ்வளவுதான். இப்போது அறுபத்தெட்டு வயதில், ஊர் பாழாவதிலும் தங்கைதான் முந்திக்கொண்டாள்.

விஷயம் வெறும் பாலம் இல்லை. பேருந்து.

தெல்மா இருக்கும் கோல்ட்பியும் க்ளெண்டா இருக்கும் ராஸ்விக்கும் ஒரே கடற்கரையில் மூன்று மைல் இடைவெளியில் இருக்கும் ஊர்கள். தெல்மாவின் கணவன் டெரிக்குக்குப் பக்கவாதம் வந்து, தார்ன்லியில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. பார்வையாளர் நாள் புதன்கிழமை. ஒவ்வொரு புதனும் பதினான்காம் எண் பேருந்தில் தெல்மா போய்விட்டு வருவாள். மார்ச் மாதத்தோடு அந்தப் பேருந்து நின்றுவிடும் என்று நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. டாக்ஸி, ஒரு தடவை போய்வர எழுபது பவுண்டு. அதற்குப் பிறகு அந்த வாரம் ரொட்டியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேசியச் சரிவு அளவீட்டு அலுவலகம் கைகொடுக்க வந்தது. கடற்கரை ஊர்களில் எது மிகவும் கெட்டுப் போயிருக்கிறதோ, அந்த ஓர் ஊருக்கு நிவாரணமாக ஒரு புதன்கிழமைப் பேருந்து.

கெட்டதை எப்படி அளப்பது? இந்த நாட்டில் மழை பெய்தாலும், ரயில் நின்றாலும், பேரன் மூக்கில் வளையம் மாட்டினாலும், எல்லாம் கெட்டுப்போச்சு என்று சொல்ல ஜனங்களிடம் ஏகப்பட்ட பேச்சுகள் உண்டு. அலுவலகத்தார் அந்தப் பேச்சுகளை இரண்டு வருஷம் ஆராய்ந்து, ஏழு படிகளாக அடுக்கி, வண்ணப் படங்களோடு கையேடு போட்டுவிட்டார்கள். முதல் படி, சரிவில் இறங்குவது. இரண்டாவது, கீரை முற்றி விதை தள்ளுவது. மூன்றாவது, பேரிக்காய் வடிவம் கொள்வது. ஏன் பேரிக்காய் என்று ஜனங்களுக்கும் தெரியாது, அலுவலகத்துக்கும் தெரியாது. நான்காவது, சட்டிக்குள் போவது. ஐந்தாவது, கடைசிக் காலில் நிற்பது. ஆறாவது, நாய்களிடம் போய்ச் சேர்வது. ஏழாவதும் கடைசியுமானது, கைவண்டியில் ஏறி நரகத்துக்குப் போவது.

பேருந்து ஏழாம் படிக்கு மட்டும். ராஸ்விக் ஏற்கெனவே ஆறில் இருந்தது. இப்போது பாலமும் விழுந்துவிட்டது.

கோல்ட்பி மூன்றில் இருந்தது.

"பேரிக்காயா?" என்று சபை மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "இந்த ஊரு நாய்ங்ககிட்ட போயிடுச்சுன்னு நான் நாப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கு முன்னாடி எங்கப்பா நாப்பது வருஷம் சொன்னாரு. எங்க குடும்பம் சொன்னதுக்கு மதிப்பே இல்லியா?"

கவுன்சிலர் க்ராப்ட்ரீ கையமர்த்தினார். அவர் முன்பு இறைச்சிக்கடை வைத்திருந்தவர். கடை மூடியதை ஊருக்குச் செய்த சேவையாக இப்போது நினைக்க ஆரம்பித்திருந்தார்.

"உட்காருங்க, உட்காருங்க. நம்மைக் கீழ இறங்கவிடாம பிடிச்சு வச்சிருக்கிறது எதுன்னு அலுவலகம் கடிதத்துல தெளிவா எழுதியிருக்கு. 'செழிப்பாக இயங்கும் மீன் வறுவல் கடை ஒன்று.'"

எல்லோரும் ஸ்டான் பிக்கர்ஸ்கில்லைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் என்னை முறைக்கிறீங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றார் ஸ்டான்.

"நல்லா வறுக்கிறே," என்றார் க்ராப்ட்ரீ.

"எங்கப்பா சொல்லிக்கொடுத்தது..."

"ஸ்டான், கண்ணு," என்று தெல்மா இருக்கையிலிருந்து எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. "ஒரே ஒரு மாசம். அலுவலகத்துலேர்ந்து அந்த அம்மா பரிசோதனைக்கு வந்துட்டுப் போற வரைக்கும். கொஞ்சம் மோசமா வறுக்கக் கூடாதா? டெரிக்குக்காக?"

ஸ்டான் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "டெரிக்குக்காக," என்றார்.

மறுநாளிலிருந்து ஸ்டான் பழைய எண்ணெயில் வறுத்தார். உருளைக்கிழங்கு உள்ளே வேகாமல், வெளியே கருகி, பார்க்கவே பாவமாக இருந்தது. ஊர் ஜனங்கள் வழக்கம்போல வரிசையில் நின்றார்கள், வாங்கினார்கள், கடல் சுவரில் உட்கார்ந்து மென்றார்கள். திரும்பிப் போகும்போது வழக்கம்போலக் கடைக்குள் தலையை நீட்டி, "அருமையா இருந்துச்சு ஸ்டான், நன்றி," என்றார்கள்.

"அருமையா? உள்ள பச்சையா இருந்துச்சே!" என்று ஸ்டான் கத்தினார்.

"அதெல்லாம் ஒண்ணும் தெரியலை. நல்லாத்தான் இருந்துச்சு."

இதைக் கேள்விப்பட்டபோதே தெல்மா யோசித்திருக்க வேண்டும். அவளுக்குப் பொறாமைப்படவே நேரம் போதவில்லை. க்ளெண்டா தினமும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: வங்கி மூடிவிட்டது, தபால் நிலையம் மூடிவிட்டது, ஏழைகளுக்காகப் பழைய துணி விற்கும் கடைகூட மூடிவிட்டது.

"பழைய துணிக் கடையுமா?" தெல்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமா! இனிமே ராஸ்விக்ல யாருக்கும் உதவி செய்யக்கூட வழியில்லை. நெனச்சுப் பாரு!"

"பெருமை அடிச்சுக்காதே, க்ளெண்டா."

"நான் எங்கே பெருமை அடிச்சுக்கிறேன்? உங்க ஊருக்கு என்ன, பேரிக்காய்னாலும் கௌரவமான படிதான். எல்லாராலயும் ஏழுக்கு வந்துட முடியுமா?"

பரிசோதனை நாளுக்கு முன் க்ராப்ட்ரீ வீடு வீடாகப் போய் எச்சரித்தார். யாரும் வாசலைக் கூட்டக் கூடாது. ஜன்னலைத் துடைக்கக் கூடாது. பூந்தொட்டிகளைப் பின்கட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பரிசோதனை நாள் காலையில் தெருவில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் பளபளத்தன. தெருக்கோடி வரை வாசல்தோறும் சிவப்புப் பூக்கள்.

"யாரு செஞ்ச வேலை இது?" க்ராப்ட்ரீக்கு மூச்சு வாங்கியது.

"நான் என் வாசலை மட்டுந்தான் கூட்டினேன்," என்றாள் முதல் வீட்டுக்காரி.

"நானும் என் வாசலை மட்டுந்தான்," என்றாள் இரண்டாம் வீட்டுக்காரி.

"லண்டன்லேர்ந்து ஆளு வர்றாங்க. வாசல் அழுக்கா கிடந்தா நம்மளைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அழுக்கான ஊருன்னு நெனப்பாங்க! அதுக்குத்தானேம்மா வரச் சொல்லியிருக்கோம்!"

பதினொரு மணிக்கு அலுவலகத்தின் கார் வந்தது. அதிலிருந்து மிஸ் ஃபிலிப்பா வேவர்லி இறங்கினாள். முப்பது வயது இருக்கும். பதவி, சரிவு உறுதிப்பாட்டுத் துணை இயக்குநர். கையில் பலகையும் படிவமும். மண்டபத்தில் கேக், பிஸ்கட், தேநீர் எல்லாம் இருந்தன. யார் செய்யச் சொன்னார்கள் என்று க்ராப்ட்ரீ கேட்கவே இல்லை. அவருடைய மனைவியின் தட்டுகள் அவருக்குத் தெரியும்.

"எங்க அலுவலகத்தைப் பத்தி வெளியில தப்பாப் பேசறாங்க," என்று ஃபிலிப்பா தொடங்கினாள். "நாங்க எந்த ஊரையும் முன்னேத்தலைன்னு குறை. உண்மைதான், ஒரு ஊரையும் முன்னேத்தலை. முன்னேத்தறது எங்க வேலை இல்லை. முன்னேத்திட்டா நாங்க போட்ட அளவு தப்பாயிடும் இல்லையா? போன வருஷம் எங்க சிப்பந்திங்க நாலு பேரா இருந்தாங்க. இப்ப நூத்தி எண்பது பேர். சரிவு எவ்வளவு தூரம் வந்துடுச்சுன்னு இதுலேர்ந்தே நீங்க புரிஞ்சுக்கலாம்."

ஜனங்கள் கைதட்டினார்கள். யாராவது பேசி முடித்தால் கைதட்ட வேண்டும் அல்லவா.

பிறகு வாக்குமூலம். ஊரில் முப்பத்தொரு பேர் கொடுக்க வந்திருந்தார்கள். யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. தானாகவே வரிசை உண்டாகிவிட்டது. "நீங்க முதல்ல போங்க," "ஐயோ, நீங்க போங்க," என்று ஒருவரையொருவர் முன்னே தள்ளிவிட்டதில் முதல் ஆள் மேசைக்குப் போய்ச் சேரவே கால் மணி நேரம் ஆயிற்று. 'சமூக ஒற்றுமை: மிக நன்று' என்று ஃபிலிப்பா படிவத்தில் குறித்துக்கொண்டாள்.

முதலில் போனவர் தபால்காரர்.

"வணக்கம். எப்படி இருக்கீங்க?" என்றாள் ஃபிலிப்பா, எழுதுகோலைத் தூக்கிக்கொண்டு.

"குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நன்றி. அடுத்தவங்க."

"இருங்க, இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லையே! எண்பது வருஷத்துக் கதை..."

"அடுத்தவங்க."

வரிசையின் கடைசியில் நின்ற தெல்மாவுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்திருந்தாள். என் புருஷனுக்கு வலது கை வராது. புதன்கிழமை நான் போனால்தான் சாப்பிடுவார். மற்ற நாளில் நர்ஸ் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார். பேருந்து நின்றுவிட்டால் அவரை நான் பார்க்க முடியாது. நாலே வரி. ராஸ்விக் பாலத்தைவிட இது கனமானது என்று அவளுக்குத் தெரியும். க்ளெண்டாவிடம் இப்படி ஒரு வரி உண்டா? அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லையே. முதல் தடவையாகத் தங்கையிடம் இல்லாத ஒரு கஷ்டம் தன்னிடம் இருப்பதை நினைத்து தெல்மாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவள் முறை வந்தது.

"வணக்கம். எப்படி இருக்கீங்க?"

"குறை ஒண்ணும் இல்லைங்க, நன்றி," என்றாள் தெல்மா.

ஃபிலிப்பாவின் எழுதுகோல் ஓடியது.

"இல்லை! இல்லை இல்லை, அது... அது சும்மா சொல்றதும்மா! எல்லாரும் சொல்றதுதான். என் புருஷனுக்கு வலது கை..."

"மிஸஸ் ஹார்கர், முதல் பதில்தான் சுத்தமான பதில். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் யோசிச்சுச் சொல்றது. ஜனங்க யோசிச்சுச் சொல்றதை நாங்க ஏத்துக்கறதில்லை."

"அப்ப ராஸ்விக்காரங்க என்ன சொன்னாங்க? அவங்களும் இந்த நாட்டுக்காரங்கதானே?"

"அங்க யாரையும் கேட்க முடியலை. மண்டபத்துல கூரை இல்லை. மழை வந்துடுச்சு."

முப்பத்தொரு பேரில் முப்பத்தொரு பேரும் குறை இல்லை என்றார்கள். கேக்கை ஒரு துண்டு காகிதத்தில் சுற்றி ஃபிலிப்பாவின் காரில் வேறு வைத்தார்கள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. கோல்ட்பி எந்தப் படியிலும் இல்லை. 'செழிக்கும் ஊர்' என்று சான்றிதழ். அதைச் சட்டம் போட்டு மாட்டுவது ஊராட்சியின் பொறுப்பு. பேருந்து ராஸ்விக்குக்கு.

ராஸ்விக்கில் விழா. மிஞ்சியிருந்த பாலத்துண்டின் மேல் மேடை போட்டிருந்தார்கள். க்ளெண்டா அங்கிருந்தே கூப்பிட்டாள். "லண்டன்லேர்ந்து பெரிய முதலாளி சர் ஜைல்ஸே வந்திருக்காரு! இரு, நீயும் கேளு," என்று தொலைபேசியை மேடைப் பக்கம் நீட்டினாள்.

காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கனத்த குரல் வந்தது: "...என் தாத்தா காலத்திலேர்ந்து எங்க குடும்பத்துக்கு இந்த ஊர் மேல தனிப் பாசம். இங்க இருந்த மூணு மீன் பதப்படுத்தற ஆலையும் எங்களோடதுதான். மூணையும் நாங்கதான் மூடினோம். இன்னிக்கு உங்களை இந்த நிலைமையில பார்க்கறப்ப, எங்க பங்கும் இதுல கொஞ்சம் இருக்கேன்னு நெஞ்சு நிறைஞ்சு போகுது..."

"கைதட்டறாங்க பாரு!" என்றாள் க்ளெண்டா.

தெல்மா தொலைபேசியை வைத்துவிட்டாள். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஒழுகுகிறது. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தார்ன்லிக்கு ஒரே சாலைதான். அது கோல்ட்பி வழியாகத்தான் போகிறது. முதல் புதன்கிழமை தெல்மா பையோடு பழைய நிறுத்தத்தில் போய் நின்றாள். பேருந்து வந்தது. புத்தம் புதியது, வெயிலில் மின்னியது, முக்கால்வாசி காலி. செழிக்கும் ஊரில் நிற்கக்கூடாது என்று உத்தரவு. ஓட்டுநர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். ஜன்னலோரத்தில் க்ளெண்டா. நல்ல கோட்டு, சின்னத் தொப்பி. கையசைத்தாள். பழக்கதோஷத்தில் தெல்மாவும் கையசைத்துவிட்டாள். பிறகு அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக் கீழே இறக்கினாள்.

சாயங்காலம் தொலைபேசி.

"டெரிக்கைப் பார்த்துட்டு வந்தேன். நீ வர முடியலையேன்னுதான் போனேன், தப்பா நெனைக்காதே."

"சாப்பிட்டாரா?"

"கிண்ணம் காலி."

"யாரு ஊட்டினது?"

"நான்தான். என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாரு. பாவம்," என்றாள் க்ளெண்டா. "என்னைத் தெல்மான்னு கூப்பிட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? ம்னு சொன்னேன்."

தெல்மா அன்று இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஒரு பெட்டியில் துணியை அடுக்கி, கதவைப் பூட்டி, ஸ்டானின் மீன் வண்டியில் ராஸ்விக் போய், க்ளெண்டாவின் வீட்டு வாசலில் இறங்கினாள்.

"ஒரு அறை கொடு," என்றாள்.

"பின் அறை ஈரம் ஊறிக் கிடக்கு. சுவரெல்லாம் பூசணம்."

"ரொம்பவா?"

"உன் வீட்டுல இருக்கிறதைவிட ரொம்ப."

"தெரியும்டி, நீ எப்பவும் அப்படித்தான்," என்று தெல்மா பெட்டியை உள்ளே தள்ளினாள்.

ராஸ்விக் ஊராட்சி குமாஸ்தா அவள் பெயரைப் பதிய மறுத்துவிட்டார். "பதினோரு வருஷமா இந்த ஊருக்குப் புதுசா ஒருத்தரும் குடிவந்ததில்லை. நீங்க வந்தா ஜனத்தொகை கூடினதா ஆயிடும். வளர்ச்சின்னு போட்டுடுவாங்க. எங்க படி போயிடும்."

"பதிவு இல்லைன்னா பேருந்துச் சீட்டு கிடைக்காதே?"

குமாஸ்தா வெகுநேரம் பதிவேடுகளைப் புரட்டினார். கடைசியில் முகம் மலர்ந்தது. "சேதங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு. இடிஞ்சு விழுந்த பாலத்துக்குக் கீழ ஒரு வரி காலியா இருக்கு. அதுல போட்டுடட்டுமா?"

"போடுங்க."

புதன்கிழமை அக்காளும் தங்கையும் பேருந்தில் ஏறினார்கள். டெரிக் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கஞ்சிக் கிண்ணத்தை இருவரும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள்.

"விடுடி, நான் ஊட்டறேன்."

"போன வாரம் நான்தான் ஊட்டினேன், என்கிட்டதான் ஒழுங்கா சாப்பிடுவாரு."

"ஒரே ஒரு வாரம் ஊட்டிட்டு..."

"சூடு பார்த்தியா நீ? கொடு இப்படி."

டெரிக் இடது கையை மெல்லத் தூக்கினான். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. "கிண்ணத்தை... விட மாட்டேங்கிறது... யாரோ... அதுதான் என் பொண்டாட்டி."

தெல்மா கிண்ணத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். க்ளெண்டா விட்டுவிட்டாள். சிரிக்கவும் சிரித்தாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. தெல்மா கடைசிக் கரண்டி வரை ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். அவன் கை அவள் மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை அங்கேயே இருந்தது.

திரும்பும் பேருந்தில் ஃபிலிப்பா வேவர்லி காத்திருந்தாள். பயணிகளுக்கெல்லாம் ஒரு படிவமும் சின்னப் பென்சிலும் கொடுத்தாள்.

"இன்னிக்கு ஒண்ணு, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நிரப்பணும். கேள்வி ஒண்ணுதான். இந்தப் பேருந்து வந்ததுக்கு அப்புறம் உங்க வாழ்க்கை எந்தப் படியில இருக்கு? ஏதாவது முன்னேற்றம் தெரிஞ்சா தயவுசெஞ்சு மறைக்காம எழுதுங்க. பேருந்தை உடனே எடுத்துட்டு, நிஜமா கஷ்டப்படற ஊருக்குக் கொடுத்துடுவோம்."

பேருந்து முழுக்கப் பென்சில்கள் உரசின. தெல்மாவின் மணிக்கட்டில் டெரிக்கின் விரல்களின் சூடு இன்னும் இருந்தது. படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள். சரிவு, விதை, பேரிக்காய், சட்டி, கடைசிக் கால், நாய்கள். யோசித்து, நாய்களுக்கு நேரே ஒரு குறி போட்டாள். அதுவே பெரிய பொய்தான்.

பிறகு ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள்.

க்ளெண்டா கைவண்டியும் நரகமும் போட்ட ஏழாம் கட்டத்தில் அழுத்தமாக, தாள் கிழியும்படி, குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

தெல்மா பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள். நாய்களுக்கு நேரே போட்ட குறியை அடித்தாள். ஏழாம் கட்டத்துக்குக் கீழே, தாளின் விளிம்பில் மிஞ்சியிருந்த இடத்தில், கோணலில்லாமல் நாலு கோடு இழுத்து ஒரு புதுக் கட்டம் வரைந்தாள். அதற்கு எட்டு என்று எண் போட்டாள். அதில் குறி போட்டாள். தங்கை பார்த்து எழுதிவிடாதபடி இடது கையால் நன்றாக மறைத்துக்கொண்டாள்.